கை வைக்காத மண்

ஜன்னல் ஓரத்தில் நீங்களே உட்காருங்கள் அக்கா. வேடிக்கை பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. இந்தப் பையை மட்டும் உங்கள் காலடியில் தள்ளிக்கொள்கிறேன். அம்மாவுக்கு மாற்றுச் சேலையும் பிளாஸ்க்கும் இருக்கிறது, மிதித்துவிடாதீர்கள். பாயின்ட் டு பாயின்ட் பஸ் ஒன்று நின்றது, நான் ஓடிப் போகிறதற்குள் கதவைச் சாத்திவிட்டான். கிடைத்தது இதுதான். இது கயத்தாறில் நிற்கும், கங்கைகொண்டானில் நிற்கும், நடுவில் எருமைமாடு வால் ஆட்டினாலும் நிற்கும்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். அம்மாவுக்குக் காலில் புண். நாளைக்குக் காலையில் பாதத்தை எடுக்கப்போகிறார்களாம், கணுக்காலோடு. மாமா போன் பண்ணிச் சொன்னார். எந்த மருந்தும் கேட்காத கிருமியாம். விட்டால் மேலே ஏறிவிடுமாம்.

உச்சுக் கொட்டாதீர்கள் அக்கா. காலையிலிருந்து உச்சுக் கொட்டுகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். எனக்கு வேண்டியது நியாயம். மருந்து இருக்கிறது. அம்மா காலில் இருக்கிற அதே கிருமியைக் கொல்கிற மருந்து இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை தரமாட்டேன் என்கிறது. படித்த பெண்பிள்ளை. பேருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி பட்டம். இன்றைக்கு அவரிடம் சண்டை போட்டு, போட்டிருந்த கோட்டைக் கழற்றி மேஜையில் வீசிவிட்டு வந்துவிட்டேன். இனிமேல் அந்த வாசல்படி மிதிக்கமாட்டேன்.

என் பேர் முப்பிடாதி. குலசாமி பேர். பள்ளிக்கூடத்தில் பிடாரி என்று கூப்பிடுவார்கள். நான் வேலை பார்க்கிற லேபிலும் ஒருத்தர் அப்படித்தான் கூப்பிடுவார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், கதை ஒன்றும் கிடையாது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னால் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும். பிடிக்கவில்லை, நின்றேன். அப்புறம் கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு காலேஜில், பேர் வேண்டாம், லேபில் கழுவுகிற வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். போன பிறகுதான் தெரிந்தது, பள்ளிக்கூடமாவது பரவாயில்லை என்று. இவர்கள் வருஷக்கணக்காக ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள்.

என்ன காரியம் என்று சொல்கிறேன். மண்ணில் மருந்து தேடுகிறார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்தான். மண்ணுக்குள் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கிறதாம். எல்லாம் கெட்டது இல்லையாம். பஸ் ஸ்டாண்டில் கடை போடுகிறவர்கள் மாதிரி இடத்துக்கு அடித்துக்கொள்ளுமாம். பக்கத்தில் இன்னொன்று வந்துவிடக் கூடாது என்று சிலது விஷம் மாதிரி ஒன்றைக் கக்குமாம். அந்தக் கக்கலை எடுத்துச் சுத்தம் பண்ணினால் அது நமக்கு மருந்து. இப்போது இருக்கிற மருந்தெல்லாம் கிருமிக்குப் பழகிவிட்டது, புதுசு வேண்டும், அதனால் தேடுகிறோம் என்று ஐரின் மேடம் சொல்வார். அவர்தான் அங்கே பெரியவர், நான் சொன்ன படித்த பெண்பிள்ளை. சத்தமே போடமாட்டார். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்மா" என்பார். அந்த "பார்க்கலாம்மா"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சுவார்களே, அந்த மாதிரி கூழ் காய்ச்சி, சின்னக் கண்ணாடித் தட்டில் ஊற்றி ஆற வைப்பார்கள். அதில் நோய்க் கிருமியைத் தடவுவார்கள். நடுவில் மண்ணிலிருந்து எடுத்ததை வைப்பார்கள். வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்க ஆடை படர்ந்த மாதிரி கிருமி வளர்ந்திருக்கும். நடுவில் இருப்பது கொல்கிற சரக்கு என்றால் அதைச் சுற்றி மட்டும் கண்ணாடி மாதிரி வட்டமாகத் தெளிந்து கிடக்கும். அதற்கு வளையம் என்று பேர். காலையில் லேபுக்குள் நுழைகிற ஒவ்வொருத்தரும் காப்பி குடித்தாயா என்று கேட்கமாட்டார்கள், வளையம் விழுந்ததா என்றுதான் கேட்பார்கள். விழாது. விழாத தட்டையெல்லாம் குக்கர் மாதிரி பெரிய டிரம்மில் அவித்து, கூழை வழித்துக் கொட்டி, நான் கழுவ வேண்டும். நகக்கண்ணுக்குள் நாற்றம் போகவே போகாது.

அப்படியே விழுந்தாலும் சந்தோஷப்படக் கூடாதாம். எங்கேயோ மெஷினுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். அது எந்தக் காலத்திலேயோ கண்டுபிடித்த மருந்தாக இருக்கும். "ஏற்கெனவே இருக்கு" என்று பதில் வரும். லிங்கதுரை அண்ணன் என்று ஒருத்தர் அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார், என்னைப் பிடாரி என்று கூப்பிடுகிறவர் அவர்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்து, பட்டம் வந்த பிறகு பார்க்கலாம் என்று பெண் வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் "ஏற்கெனவே இருக்கு" என்று வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் ஒருநாள் கேட்டேன், "இருக்கிறதுதான் திரும்பத் திரும்ப வருதுன்னா, புதுசுன்னு ஒண்ணு இல்லவே இல்லன்னுதான அர்த்தம்?" அவர் என்னைப் பார்த்த பார்வையில், இனிமேல் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அம்மா தீப்பெட்டி செய்கிற ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவள். சுகர் இருக்கிறது. கோடை தொடங்கின சமயத்தில் பாதத்தில் ஆணி குத்தியது. சின்னக் குத்து, சொல்லக்கூட இல்லை. நான் பார்த்தபோது சீழ் வைத்திருந்தது. எங்கள் பக்கத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கழுவிக் கட்டி, கேப்சூல் கொடுத்தார். பாதி சிவப்பு, பாதி மஞ்சள், குங்குமமும் மஞ்சளும் மாதிரி. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. புதிதில் வயிறு எரிகிறது, நின்று வேலை பார்க்க முடியவில்லை என்றாள். மருந்து என்றால் எரியத்தான் செய்யும், பேசாமல் போடு என்று நான் சத்தம் போட்டேன். அதற்கப்புறம் எரிச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பழகிவிட்டது.

மாத்திரை விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு அக்கா. நான் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம்தான் அவள் குளித்து, ஊருக்கு வெளியே இருக்கிற புற்றைச் சுற்றிவிட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு நொண்டிக்கொண்டு வருவாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்பேன், "மாத்திரை போட்டியா?" அவள் "போட்டாச்சுட்டி" என்பாள். ராத்திரிக்கு உள்ளதையும் புற்றுக்கு விளக்கு வைக்கப் போகும்போதே போட்டுவிடுவாள், வேலை முடிந்து வந்ததும் அதையும் கேட்பேன். போட்டாச்சு. அட்டையைக்கூட எடுத்துப் பார்ப்பேன், எல்லாக் குழியும் காலியாகத்தான் இருக்கும். எங்கள் அம்மாவுக்குப் பொய் வராது. பொய் சொல்ல ஆரம்பித்தால் சிரித்துவிடுவாள்.

புண் ஆறவில்லை. டாக்டர் அதையே இன்னும் கொஞ்ச நாளைக்கு எழுதினார். ஆறவில்லை. அப்புறம் ஒருநாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், "மருந்து கேக்கலம்மா. இது வேற மாதிரி கிருமி. இருந்தாலும் மாத்திரைய நிறுத்தாதீங்க."

அன்றைக்கு லேபுக்கு வந்து மேடத்திடம் நேராகவே கேட்டேன். வருஷக்கணக்காகத் தேடுகிறீர்களே, எங்கள் அம்மாவுக்கு எப்போது மருந்து வரும் என்று. அவர் சங்கடப்பட்டார். அதற்கெல்லாம் ரொம்பக் காலம் ஆகும்மா என்றார். சரி, எதனால் ஆகிறது, நான் என்ன செய்ய வேண்டும் என்று விடாமல் கேட்டேன். என்னைச் சமாளித்து அனுப்புவதற்காகச் சொன்னாரோ, நிஜமாகவே சொன்னாரோ தெரியாது, "நல்ல மண்ணு கிடைக்கணும்மா. உழுத மண்ணு, உரம் போட்ட மண்ணு, எல்லாம் பாத்தாச்சு. யாரும் கை வைக்காத மண்ணு ஒண்ணு கிடைச்சாப் பாக்கலாம்" என்றார்.

யாரும் கை வைக்காத மண். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. லிங்கதுரை அண்ணன் மலை, காடு, கடற்கரை என்று மண் அள்ளிக்கொண்டு அலைகிறார். எங்கள் ஊரில் வேலிக்கருவைக்கு நடுவில் ஆள் உயரத்துக்குப் புற்று நிற்கிறது. மேலே தகரக் கூரை. மண்வெட்டி படாது, ஆடு மேயாது. ஜேசிபிக்காரன்கூட ரோடு போடும்போது வளைத்துக்கொண்டுதான் போனான். ஆத்தா குடியிருக்கிற இடத்தில் எவன் கை வைப்பான்? நான் வைத்தேன். ஆத்தாவுக்குத் தெரியும் எதற்கு எடுக்கிறேன் என்று. வாய்ப்பக்கம்தான் மண் பொலபொலவென்று இருந்தது. ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு போனேன். மேடத்திடம் புற்று என்று சொல்லவில்லை. அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், சங்கடப்படுவார் என்று, எங்கள் ஊர்க் காட்டு மண், யாரும் கை வைக்காதது என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதானே?

சலிக்கிற வேலை எனக்குத்தான் கொடுத்தார்கள். நோவுக்காரர்கள் வந்து போகிற புற்று இல்லையா, சலித்தால் உப்புக்கல், மிளகு, முட்டை ஓடு, மஞ்சள் துண்டு என்று வந்துகொண்டே இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக ஈரத்தில் ஒட்டிக்கொண்டு தோல் மாதிரி கொஞ்சம் வந்தது, மிட்டாய் சுற்றிய தாளோ என்னவோ. ஆத்தாவுக்கு எதைத்தான் போடவில்லை நம் ஜனங்கள். எல்லாவற்றையும் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, மண்ணை மட்டும் மாவு மாதிரி சலித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் லிங்கதுரை அண்ணன் லேபிலிருந்து வராந்தாவுக்கு ஓடிவந்தார். செருப்புக்கூட இல்லை. "பிடாரி, இங்க வா. வந்து பாரு."

வளையம் அக்கா. மண்ணைக் கரைத்து வடிகட்டின வெறும் தண்ணீர்தான் வைத்தது. சின்ன வளையம் இல்லை, தட்டில் பாதிக்கு வளையம். மேடம் ஸ்கேலை வைத்து அளந்தார், திரும்பவும் அளந்தார். லிங்கதுரை அண்ணன் எல்லாருக்கும் வடை வாங்கினார். எனக்கு ரெண்டு.

நான் சும்மா இருப்பேனா? அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவுக்குக் கட்டு மாற்றும்போது பஞ்சுக் குச்சியில் சீழை ஒற்றி எடுத்து, மூடி வைத்துக் கொண்டுபோய் லிங்கதுரை அண்ணனிடம் கொடுத்தேன். இதில் போட்டுப் பாருங்கள் என்றேன். நோயாளி சரக்கெல்லாம் இங்கே தொடக் கூடாது, மேடத்துக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவார் என்று மறுத்தார். என் மண் மட்டும் வேண்டுமா, என் அம்மா வேண்டாமா என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு செய்தார்.

இதோ அந்தப் போட்டோ, பாருங்கள். வெளிச்சம் படுகிறது, கையால் மறைத்துப் பாருங்கள். இந்த வெள்ளை எல்லாம் எங்கள் அம்மா காலில் இருந்து எடுத்த கிருமி. நடுவில் தெளிந்து கிடக்கிறது பாருங்கள், பௌர்ணமி மாதிரி. அது எங்கள் புற்று மண். டாக்டர் மருந்தே கேட்காது என்று சொன்ன கிருமி, செத்துக் கிடக்கிறது. இதைப் பார்த்த பிறகு யாராவது காலை எடுக்க விடுவார்களா?

மேடத்துக்குத் தெரிந்து ரெண்டு பேருக்கும் நல்ல திட்டு விழுந்தது. ஆனால் தட்டை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம்தான் சனி பிடித்தது. மண்ணுக்குள் எந்தக் கிருமி அந்த மருந்தைக் கக்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். மண்ணில் இருக்கிறதை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனியாக வளர்த்தார்கள். சிலது சுண்ணாம்பைத் தொட்டு வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளியாக வரும், மூடியைத் திறந்தால் மழை பெய்த வாசனை அடிக்கும். அதுதான் நல்ல ரகம், பெரும்பாலும் அதுதான் மருந்து கக்கும் என்பார்கள். அதை வைத்தால் வளையம் இல்லை. அடுத்ததை வைத்தால் இல்லை. பச்சை, ஊதா, சாம்பல், எதை வைத்தாலும் இல்லை. மொத்தமாக மண்ணைக் கரைத்து வைத்தால் கொல்கிறது, பிரித்து வைத்தால் ஒன்றும் கொல்லவில்லை. கோடை முழுக்க இதே பாடு. லிங்கதுரை அண்ணன் தாடி விட்டார். தட்டு மலை மாதிரி குவிந்தது, என் கையெல்லாம் தோல் உரிந்தது. நான் அப்போதே சொன்னேன், அதைப் பிரிக்காதீர்கள், ஆத்தா மண், மொத்தமாகத்தான் வேலை செய்யும், அப்படியே கரைத்துக் கொடுங்கள் என்று. யார் கேட்கிறார்கள்? மண் தீர்ந்தது, நான் போய்த் திரும்ப எடுத்து வந்தேன். அந்த மண்ணும் கொன்றது, முதலில் எடுத்ததைவிட ஜோராக. அந்தச் சமயம் அம்மாவின் புண் குதிகால் பக்கம் போய்விட்டது.

கடைசியில் அந்தத் தண்ணீரையே மெஷினுக்கு அனுப்பினார்கள். நேற்றுத்தான் பதில் வந்தது. நேற்றுத்தான் மாமா அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார். ரெண்டும் ஒரே நாளில்.

என்ன பதில் என்று நினைக்கிறீர்கள்? ஏற்கெனவே இருக்கு. அதுவும் எப்படி, எந்த மண்ணிலிருந்தும் வந்தது இல்லையாம், கம்பெனியில் செய்து கடையில் விற்கிற மருந்தேதானாம். லிங்கதுரை அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "பிடாரி, ஒங்க ஊரு ஆத்தா மெடிக்கல் ஸ்டோர் வச்சிருக்கா போல" என்றார். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மண் எங்கே எடுத்தது, அங்கே யாராவது மருந்து கொட்டுவார்களா, பக்கத்தில் கோழிப்பண்ணை இருக்கிறதா என்று போலீஸ் மாதிரி கேட்டார். எனக்கு வந்ததே கோபம். அது எங்கள் ஆத்தா புற்று, எவனும் கை வைக்கமாட்டான், உப்பு மிளகு போடுவோம், பால் ஊற்றுவோம், முட்டை வைப்போம், மருந்து கொட்டுகிற குப்பைமேடு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் புற்றா என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்குக் காலையில் மாமா போன் வந்ததும் ஓடினேன்.

"அந்தத் தண்ணியக் குடுங்க மேடம். எங்கம்மா கால்ல ஊத்திப் பாக்குறேன்."

"அது மண்ணு கரைச்ச தண்ணிம்மா. புண்ணுல ஊத்தினா இருக்கிறதும் கெட்டுப்போகும்."

"கொல்லுதுல்லா? நீங்கதான அளந்தீங்க."

"கொல்லுறது பழைய மருந்து. எந்த மெடிக்கல்லயும் கிடைக்கும்."

"கிடைக்கும்னா டாக்டர் ஏன் கால எடுக்கணும்ங்காரு?"

பேச்சை மாற்றினார் அக்கா. அம்மாவுக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள், பேர் தெரியுமா, டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று ஏதேதோ கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. கால் போகப்போகிறது, இவருக்குச் சீட்டு வேண்டுமாம். கோட்டை வீசினேன், வந்துவிட்டேன். படியில் இறங்கும்போதுகூடப் பின்னாலேயே வந்து, முப்பி, முப்பி, சீட்டை அனுப்பு என்று கூப்பிட்டார். போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார். கட் பண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

சொல்லுங்கள், இது நியாயமா? புது மருந்து இல்லை என்றால் அவர்களுக்குப் பேர் வராது. பேர் வராது என்றால் எங்கள் அம்மாவுக்குக் கொடுக்கமாட்டார்கள். அவ்வளவுதான். நல்ல மாத்திரை எல்லாம் வேளை தவறாமல் போட்ட பொம்பளைக்கு...

என்ன? சத்தத்தில் கேட்கவில்லை அக்கா. எங்கே போட்டார்கள் என்றா கேட்கிறீர்கள்? மாத்திரையை எங்கே போடுவார்கள். வாயில்தான். நான் தினமும் கேட்பேன், அவள் தினமும்...

நான் பார்க்கவில்லை. வாயில் போட்டு நான் பார்க்கவில்லை. புற்றுக்குப் போய்விட்டு வரும்போது போட்டாச்சு என்பாள். ராத்திரிக்கு உள்ளதை விளக்கு வைக்கப் போகும்போது...

இருங்கள். ஒரு நிமிஷம் பேசாதீர்கள்.

"மாமா, அம்மாட்ட போனக் குடுங்க. முழிச்சிருக்காளா? குடுங்க மாமா, காரணமெல்லாம் அப்புறம் சொல்லுதேன். ம்மா. நாந்தான். பஸ்ஸுல இருக்கேன். சாப்பிட்டேன். சாப்பிட்டேன்ங்கேன்லா. அத விடு. அந்த மாத்திரைய எங்க போட்ட? சிவப்பும் மஞ்சளுமா, அதான். கோவப்படல. கோவப்படலம்மா, சொல்லு. ஒண்ணுகூடவா? ஒண்ணுகூட வாயில போடலியா? ம். ம். சரி. அழாத. ஒன்ன யாரும் வையல. சரி, மாமாட்ட குடு."

"மாமா, யார் கேட்டாலும் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுங்க. நான் வந்துகிட்டே இருக்கேன்."

வயிறு எரிந்ததாம் அக்கா. ஆபீஸில் நிற்க முடியவில்லையாம். என்னிடம் சொன்னால் நான் கத்துவேனாம். மகள் ஆசையாக வாங்கித் தந்ததைக் குப்பையில் எறிய மனசு வரவில்லையாம். கேப்சூல் ஓட்டைப் பிரித்துப் புற்று வாயில் தூளைத் தட்டிவிட்டு, ஓட்டையும் குங்குமத்தோடு குங்குமமாக அங்கேயே போட்டிருக்கிறாள். நோவுக்கு உள்ளதை நோவு எடுக்கிறவளிடம் கொடுத்தேன் என்கிறாள். ஆத்தா எனக்குப் பதிலாகச் சாப்பிட்டால் என்ன என்கிறாள். பொய் சொல்லவில்லை அக்கா அவள். போட்டாச்சு என்றாள், போட்டிருக்கிறாள்.

அந்தச் சிவப்புத் தோலை நான்தான் பொறுக்கினேன். இந்தக் கையால்தான்.

கண்டக்டர் அண்ணே, நடுவுல எங்கயும் நிறுத்தாதீங்க அண்ணே. சிரிக்காதீங்க.

மேடம் ஏன் போனை எடுக்கமாட்டேன் என்கிறார்? காலையிலிருந்து விடாமல் அடித்த மனுஷி, இப்போது எடுக்கமாட்டேன் என்கிறார். எடுங்கள் மேடம், எடுங்கள்.

"மேடம். முப்பிடாதி. ஆமா, அப்புறமா வையுங்க, இப்ப கேளுங்க. சீட்டு பையில இருக்கு, இப்பவே போட்டோ அனுப்புதேன். நீங்க நினைச்சதுதான். அந்த வளையம் எங்கம்மா மாத்திரதான். பெரியாஸ்பத்திரி டாக்டர்ட்ட நீங்க பேசுங்க, நான் சொன்னா விரட்டிருவாங்க. தட்டு போட்டோவக் காட்டுங்க. அந்தக் கிருமி சாகும்னு சொல்லுங்க. மருந்து கேக்கும் மேடம். போட்ட எடந்தான் தப்பு."